நாட்டு அத்தியா, சீமை அத்தியா?

காரைக்குடிப் பக்கம் பழைய வீட்டைப் புதுப்பிக்கும் பலரும் கேட்கிறார்கள்: தோட்டத்தில் எந்த அத்தி வைப்பது?

காய்ப்பு
நாட்டு அத்தி: அத்திக்காய் என்பது உட்புறமாக மூடிக்கொண்ட பூங்கொத்து. நுனித் துளை வழியே, மகரந்தத்தோடு எள்ளளவுப் பெண் குளவி நுழைகிறது. நெருக்கத்தில் சிறகுகள் முறிகின்றன. மகரந்தம் சேர்த்து, சில பூக்களில் முட்டையிட்டு, அங்கேயே இறக்கிறது. பிறகு பிறக்கும் சிறகற்ற ஆண்கள் இணைசேர்ந்ததும் காயின் சுவரைக் குடைந்து வழி திறக்கின்றன. பெண்கள் புது மகரந்தத்துடன் அடுத்த மரம் தேடிப் பறக்கின்றன. எத்தனை முறை எண்ணினாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.
சீமை அத்தி: பூனா ரகத்துக்குக் குளவியே வேண்டாம், மகரந்தம் சேராமலே பழுக்கும்.

உணவு
நாட்டு அத்தி: பழத்துக்குள் பூச்சி இருக்கும், பிஞ்சைக் கூட்டு வைக்கலாம்.
சீமை அத்தி: பறித்ததும் தின்னலாம்.

இடம்
நாட்டு அத்தி: பெருமரம். சுண்ணாம்புச் சுவரருகே வேண்டவே வேண்டாம்.
சீமை அத்தி: கவாத்து செய்து ஆளுயரத்தில் நிறுத்தலாம். நீர் தேங்கக் கூடாது. ஐப்பசி மழையில் பழம் வெடிக்கும்.

பழத்துக்காக என்றால் வீட்டுத் தோட்டத்தில் சீமை அத்தி. ஊருணிக் கரையில் இடமிருந்தால், பறவைகளுக்காகவும் அந்தக் குளவிக்காகவும் நாட்டு அத்தியை அங்கே நடுங்கள்.