ரோட்டோரக் குடைக்கடையில் போர்ட் செய்யப் போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள்

நம்பரை மாற்றாமல் கம்பெனியை மாற்றிக்கொள்ளும் வசதி, அதாவது எல்லோரும் சொல்லும் 'போர்ட்', நல்ல வசதிதான். 2010 நவம்பரில் ஹரியானாவில் ஆரம்பித்து 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுக்க வந்தது. 2018 தொடக்கத்தில் ஏர்செல் முடங்கியபோது இந்த வசதி மட்டும் இல்லையென்றால் தமிழ்நாட்டில் பாதிப் பேர் பழைய நம்பரைத் தலைமுழுகியிருப்பார்கள். டவரே இல்லாமல், போர்ட் கேட்டு 1900க்கு அனுப்பும் எஸ்எம்எஸ் கூடப் போகாமல் தவித்தது பலருக்கு நினைவிருக்கும். அதனால் போர்ட் செய்யாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. பஸ் ஸ்டாண்டு வாசலிலும் சந்தை முக்கிலும் கம்பெனிக் குடையை விரித்து, ஒரு ஸ்டூலும் டேபிளும் போட்டு உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்கள் கையில் போனைக் கொடுக்காதீர்கள் என்றுதான் சொல்ல வருகிறேன். ஒட்டன்சத்திரத்தில் என் அம்மாவுக்கு நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

அம்மா வீட்டில் பழைய கம்பெனியின் சிக்னல் வீட்டுக்குள் வராது. பேச வேண்டுமானால் மொட்டை மாடிக்கு ஏற வேண்டும். மூட்டு வலிக்காரர். மாற்றிவிடலாம் என்று நாங்களே பேசிக்கொண்டுதான் இருந்தோம். ஆனால் சித்திரையில்தான் ஒரு வருட பேக் போட்டிருந்தேன், அது முடியட்டும் என்று விட்டிருந்தேன்.

ஆடி மாதம் காய்கறி வாங்கப் போன இடத்தில் அந்தப் பையன் கூப்பிட்டிருக்கிறான். "அம்மா, நம்பர் மாறாது, மூணு மாசம் ரீசார்ஜே கிடையாது, எல்லாம் ஃப்ரீங்கம்மா." அம்மா விவரமானவர்தான், மகளிர் குழுக் கணக்கு முழுக்க அவர் கையில். சும்மா தலையாட்டிவிடவில்லை. "தம்பி, பழைய சிம்முல வருசத்துக்குப் பணம் போட்டிருக்கு, அது என்னாகும்?" என்று கேட்டிருக்கிறார். "அதெல்லாம் அப்படியே இதுல வந்துரும்மா" என்று பதில்.

முதல் பொய் இது. போர்ட் ஆனதும் பழைய ப்ரீபெய்டு பேலன்ஸ், மிச்சமிருக்கும் வேலிடிட்டி எல்லாம் போய்விடும். ஒரு ரூபாய்கூடப் புதுக் கம்பெனிக்கு நகராது. இது விதி, யாரிடமும் போய் முறையிட முடியாது. வருட பேக் போட்டவர்களைப் பார்த்துத்தான் இந்தப் பொய்யை அதிகம் சொல்கிறார்கள் என்று பிறகு அக்கம்பக்கத்தில் விசாரித்தபோது தெரிந்தது.

அப்புறம் போனை வாங்கிக்கொண்டான். 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்பினான், எட்டு எழுத்தில் ஒரு குறியீடு வந்தது. இதைத்தான் யுபிசி என்கிறார்கள். உங்கள் நம்பரை ஒரு கம்பெனியிலிருந்து கிளப்பி இன்னொரு கம்பெனிக்குக் கொண்டுபோக இந்தக் குறியீடு வேண்டும். ஆதார் நம்பர் வாங்கினான், விரல் வைக்கச் சொன்னான், போட்டோ எடுத்தான். "சர்வர் ஸ்லோவா இருக்கும்மா, இன்னொரு தடவை வைங்க" என்று மறுபடி விரல், மறுபடி போட்டோ. ஓடிபி வந்தபோதும் போன் அவன் கையில்தான். அவனே பார்த்து, அவனே அடித்து, அவனே வந்த மெசேஜையும் மூடிவிட்டு, புது சிம்மைக் கவரில் போட்டுக் கொடுத்தான். காசு எதுவும் வாங்கவில்லை. அதனால்தான் அம்மாவுக்குச் சந்தேகமே வரவில்லை.

போர்ட் சொன்னபடி நடந்தது. சிக்னலும் வீட்டுக்குள் நன்றாக வந்தது. அம்மாவுக்குச் சந்தோஷம்.

அடுத்த மாதம் பதிவுசெய்த குரலில் ஒரு போன். பில் கட்டாவிட்டால் சேவை நிறுத்தப்படும் என்று. என்ன பில்? அம்மாவுக்கு இத்தனை வருடத்தில் ப்ரீபெய்டு தவிர வேறெதுவும் தெரியாது. மெசேஜ்களைத் தேடிப் பார்த்தால் ஆங்கிலத்தில் மூன்று நான்கு வந்து கிடக்கின்றன. 'மூணு மாசம் ஃப்ரீ' என்று சொல்லி அவரை போஸ்ட்பெய்டில் சேர்த்திருக்கிறான். அதுவும் சாதாரண பிளான் இல்லை. ஃபேமிலி பிளான், கூட இன்னொரு கனெக்‌ஷனும் சேர்த்து.

அந்த இன்னொரு நம்பர் யாரிடம் இருக்கிறது?

தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்துக்குப் போய் அம்மாவின் நம்பரைக் கொடுத்து ஓடிபி போட்டேன். நம் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று அதில் பார்க்கலாம். அம்மா நம்பரோடு எங்களுக்குத் தெரியாத ஒரு நம்பரும் வந்தது. இரண்டாவது விரல் எதற்கு என்பது அப்போதுதான் புரிந்தது. யாரோ ஒருவர் அம்மாவின் ஆதாரில் வாங்கிய சிம்மைப் போட்டுப் பேசிக்கொண்டிருக்கிறார், பில் அம்மாவுக்கு வருகிறது. பில் கூடப் பரவாயில்லை. அந்த நம்பரிலிருந்து யாரையாவது ஏமாற்றியிருந்தால் போலீஸ் முதலில் தேடி வருவது சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டுக்குத்தான். அந்தத் தளத்திலேயே 'இது என் நம்பர் இல்லை' என்று தெரிவிக்க வழி இருக்கிறது. உடனே தெரிவித்தேன்.

சரி, கோபத்தில் வேறு கம்பெனிக்குப் போய்விடலாம் என்றால் அதுவும் முடியாது. ஒரு முறை போர்ட் செய்தால் 90 நாள் அதே கம்பெனியில் இருந்தாக வேண்டும், அதற்கு முன் யுபிசியே கிடைக்காது. 2019 டிசம்பர் 16க்குப் பிறகு வந்த முறைப்படி, தகுதி இருந்தால்தான் குறியீடே வரும். போஸ்ட்பெய்டில் கெடு முடிந்த பில் பாக்கி இருந்தாலும் வராது. ஆக 90 நாளுக்கு வெளியே போக முடியாது, அந்த 90 நாளும் பில் ஏறும், அந்தப் பில்லைக் கட்டாமல் 90 நாள் கழிந்தாலும் போக முடியாது. கட்டாமல் விட்டால் இணைப்பைத் துண்டிப்பார்கள், கேஸ், பேங்க், ரேஷன் கார்டு, குழு எல்லாம் சேர்ந்திருக்கும் நம்பர் போய்விடும். ஒவ்வொரு விதியும் தனியாகப் பார்த்தால் நியாயமானதுதான். மோசடிக்காரன் கையில் சேரும்போது அத்தனையும் பூட்டாகிவிடுகிறது.

திண்டுக்கல்லில் இருக்கும் அந்தக் கம்பெனியின் ஷோரூமுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். கவுன்ட்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் சொன்னது ஒன்றே ஒன்று: "சார், கஸ்டமர் கைரேகை வச்சிருக்காங்க, ஓடிபி கொடுத்திருக்காங்க. சம்மதம் இல்லாம எப்படி ஆக்டிவேட் ஆகும்?" விண்ணப்பத்தைக் காட்டுங்கள் என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டுத் திரையைத் திருப்பினார்.

அந்தப் படிவத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மாற்றுத் தொடர்பு எண் என்ற இடத்தில் எங்களுக்குச் சம்பந்தமில்லாத ஒரு நம்பர். பில் அனுப்ப இமெயில் முகவரி: அம்மாவின் பெயருக்குப் பின்னால் நான்கைந்து எண்களை ஒட்டி ஒன்றைக் கற்பனையாகப் போட்டிருக்கிறான். அம்மாவுக்கு இமெயிலே கிடையாது. பில் எங்கே போயிருக்கும் பாருங்கள். கீழே போட்டோ. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அம்மா, தோளில் காய்கறிப் பை, பின்னால் குடையின் ஓரம். அடுத்த கனெக்‌ஷனின் படிவத்தைத் திறக்கச் சொன்னேன். அதே சேலை, அதே பை, அதே குடை. இரண்டு போட்டோவிலும் நேரம் பதிவாகியிருந்தது. நடுவே சில நிமிடங்கள்தான் இடைவெளி. ஒரே ஆள், ஒரே இடத்தில், சில நிமிட இடைவெளியில் தனக்கு இரண்டு சிம் கேட்டு விண்ணப்பித்தாராம், அதில் ஒன்று மட்டும் அவரிடம் இல்லையாம். திரையை போட்டோ எடுக்க விடவில்லை. நேரம், விண்ணப்ப எண், அந்த மாற்று நம்பர் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டேன். பின்னால் வேலைக்கு ஆனது அந்தச் சீட்டுதான்.

ஷோரூமில் அதற்கு மேல் எதுவும் நகரவில்லை. விற்றவன் அவர்கள் ஊழியன் இல்லையாம், ஏஜென்சி ஆளாம், ஏஜென்சியைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். இந்த 'எங்க ஆளு இல்ல' கதையை நம்பாதீர்கள். ஆக்டிவேட் செய்தது கம்பெனி, பில் போடுவது கம்பெனி. 2023 டிசம்பரிலிருந்து சிம் விற்கிற ஒவ்வொரு விற்பனையாளரையும் கம்பெனியே சரிபார்த்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று விதியே இருக்கிறது. எந்த சிம்மை எந்தக் கடை விற்றது என்பது அவர்கள் கணக்கிலேயே இருக்கும்.

வீட்டுக்கு வந்து 198க்குப் புகார் கொடுத்தேன். இது கட்டணமில்லாத எண், எந்தக் கம்பெனியாக இருந்தாலும் இதேதான். முடிக்கும்போது டாக்கெட் எண், அதாவது புகார் பதிவு எண், கேட்டு வாங்குங்கள். எண் தராமல் "நோட் பண்ணிட்டோம் சார்" என்றால் நீங்கள் புகாரே கொடுக்கவில்லை என்று அர்த்தம். எங்கள் புகாரை 'வாடிக்கையாளர் சம்மதத்துடன் இணைப்பு வழங்கப்பட்டது' என்று மூடிவிட்டார்கள். இதோடு சோர்ந்துபோகிறவர்கள்தான் அதிகம், கம்பெனிக்காரர்களும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு கம்பெனியிலும் மேல்முறையீட்டு அதிகாரி என்று ஒருவர் உண்டு. புகார் மூடிய 30 நாளுக்குள் அவருக்கு எழுதலாம், கட்டணம் கிடையாது. சீட்டில் இருந்ததையெல்லாம் போட்டு, இரண்டு போட்டோவின் நேரத்தையும் குறிப்பிட்டு, அந்த இமெயில் முகவரிக்கு அனுப்பிய மெயில் திரும்பி வந்ததையும் இணைத்து எழுதினேன். குரல் உடனே மாறியது. யாரோ பெரியவர் ஒருவர் லைனில் வந்து "நீங்க சொல்றது புரியுதுங்க" என்றார்.

கிடைத்தது என்னவென்றால், இரண்டாவது கனெக்‌ஷனை நிறுத்தினார்கள், அதற்கான தொகையைப் பில்லில் கழித்தார்கள். அம்மாவின் சொந்த நம்பருக்கான தொகையைக் கட்டத்தான் வேண்டும் என்றார்கள், 'பேசியிருக்கிறீர்களே' என்று. கட்டினோம். கட்டிய பிறகு ப்ரீபெய்டுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். வருட பேக்குக்குப் போட்ட பணம் போனது போனதுதான். குடைக்காரனை என்ன செய்தார்கள் என்று கேட்டதற்கு 'உள் நடவடிக்கை' என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

மேல்முறையீட்டிலும் சரிவரவில்லை என்றால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவதாக இருந்தேன். டெலிகாம் விஷயத்தில் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது என்று சிலர் இன்னும் சொல்வார்கள். 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் போகலாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. இன்னொன்று, பலர் நேராக டிராய்க்கு எழுதிவிட்டுக் காத்திருக்கிறார்கள். டிராய் விதி போடும் அமைப்பு, தனி ஆள் புகாரை அது விசாரிப்பதில்லை.

போர்ட் செய்ய வேண்டுமென்றால் குடைக்காரனே தேவையில்லை. வீட்டில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் போர்ட் என்று டைப் செய்து, ஒரு இடம் விட்டு, உங்கள் பத்து இலக்க எண்ணைப் போட்டு, அதே நம்பரிலிருந்து 1900க்கு அனுப்புங்கள். உங்கள் பேக்கில் எஸ்எம்எஸ் இல்லாவிட்டாலும் இது போக வேண்டும். 2021 டிசம்பரில் டிராய் எல்லாக் கம்பெனிக்கும் உத்தரவு போட்டிருக்கிறது, அதனால் 'முதல்ல பெரிய ரீசார்ஜ் பண்ணுங்க' என்று பழைய கம்பெனிக்காரர் சொன்னால் கேட்காதீர்கள். வரும் குறியீடு நம் பக்கமெல்லாம் நான்கு நாள் செல்லும். அதற்குள் புதுக் கம்பெனியின் சொந்த ஷோரூமுக்குப் போய், ப்ரீபெய்டா போஸ்ட்பெய்டா என்று திரையில் நீங்களே பார்த்துவிட்டு விரல் வையுங்கள். 'மறுபடி வைங்க' என்றால் ஏன் என்று கேளுங்கள், முதல் விண்ணப்பம் என்ன ஆனது என்று காட்டச் சொல்லுங்கள். ஒரே மாநிலத்துக்குள் என்றால் மூன்று வேலை நாளில் மாறிவிடும், வேறு மாநிலச் சிம் என்றால் ஐந்து. சமீபத்தில் சிம் தொலைந்து டூப்ளிகேட் வாங்கியிருந்தால் ஏழு நாள் வரை குறியீடு வராது, 2024 ஜூலை 1 முதல் அப்படி. சிம்மைத் திருட்டுத்தனமாக மாற்றி உடனே போர்ட் செய்து பேங்க் பணத்தை எடுக்கிறவர்களைத் தடுக்கத்தான் அது, நமக்கு நல்லதுதான்.

இதைப் படிக்கும்போதே யாராவது இன்றோ நேற்றோ குடைக்கடையில் கொடுத்துவிட்டு வந்திருந்தால், விண்ணப்பித்து 24 மணி நேரம் ஆகவில்லையென்றால் இன்னும் வழி இருக்கிறது. ஆங்கிலத்தில் கேன்சல் என்று டைப் செய்து, இடம் விட்டு, நம்பரைப் போட்டு 1900க்கு அனுப்புங்கள், போர்ட் நின்றுவிடும். அதோடு விடாமல் சஞ்சார் சாத்தியில் உங்கள் பெயரில் புதிதாக ஏதாவது சிம் முளைத்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் போர்ட்டை ரத்து செய்தாலும் இரண்டாவது விரலில் வாங்கிய சிம் தானாக ரத்தாகாது.