கூலி குறைவு, கட்டை எங்களுக்கு என்று வருகிறவர்களிடம் உஷார்

பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் வீட்டு மரத்தைக் கவாத்து பண்ண ஆள் தேடுகிறவர்களுக்காக எழுதுகிறேன். "கூலி பாத்துக் குடுங்க, கட்டையை நாங்க எடுத்துக்கிறோம்" என்று ஒருவர் சொன்னால், பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டுக் கொஞ்சம் யோசியுங்கள். அவருக்கு வருமானம் கூலியில் இல்லை, கட்டையில். எவ்வளவு வெட்டுகிறாரோ அவ்வளவு லாபம். எங்கள் வீட்டில் மரமும் போய், மரம் அறுக்கும் செயின்சா மெஷினும் போய், அந்த மெஷினைச் சரிபார்க்கக் கொடுத்த பட்டறையிலும் ஏமாற்றப்பட்டோம்.

கொல்லையில் ஒரு வேப்பமரம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது சுற்றிலும் தென்னை எல்லாம் சாய்ந்தும் நின்ற மரம் அது. அதில் இரண்டு கிளைகள் ஓட்டுக்கு மேலே சாய்ந்து வளர்ந்துவிட்டன. மழைக்காலம் முடிந்ததும் அந்த இரண்டை மட்டும் எடுக்கலாம் என்று தெரிந்தவர் சொன்ன ஆளைக் கூப்பிட்டோம். அவர் மரத்தை அண்ணாந்து பார்த்த உடனே சொன்னார்: "தம்பி, இது பட்டுப்போன மரம். நுனியெல்லாம் கருகியிருக்கு பாருங்க. அடியோட எடுத்துருவோம்."

இந்தப் பொய்யைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். வேம்பில் நுனிக்கருகல் என்று ஒரு பூஞ்சாண நோய் இருக்கிறது. சில வருடங்களாகத் தமிழ்நாடு முழுக்கப் பார்க்கிறோம். மழைக்காலத்தில் தொடங்கி மார்கழி வாக்கில் மரமே செத்துவிட்டது போலத் தெரியும். பெரும்பாலான மரங்கள் வெயில் ஏறியதும் துளிர்த்துவிடும். மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு வேப்பிலை ஒடிக்கப் போகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். சந்தேகமாக இருந்தால் சிறு கிளையின் பட்டையை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் இருந்தால் உயிர் இருக்கிறது. நான் அவர் முன்னாலேயே கீறிக் காட்டினேன். "சரி தம்பி, உங்க இஷ்டம், ரெண்டு கிளைதான" என்றார். கூலி பேசினோம், கட்டை அவர்களுக்கு என்று முடிந்தது. மறுநாள் நான் வேலைக்குக் கிளம்பிய பிறகு வந்தார்கள்.

சாயங்காலம் வந்து பார்த்தால் மரத்தில் ஒரு கிளைகூட இல்லை. தண்டு மட்டும் நிற்கிறது, தலை மொட்டை. அம்மா தடுத்திருக்கிறார். "தம்பிகிட்ட போன்ல பேசிட்டோம்மா" என்று சொல்லிவிட்டு அறுத்திருக்கிறார்கள். எனக்கு எந்த போனும் வரவில்லை. கட்டைகள் டாட்டா ஏஸில் ஏறி மதியமே போய்விட்டன. வேப்பங்கட்டைக்கு நிலை, கதவு செய்கிறவர்களிடம் எப்போதும் கிராக்கி உண்டு. தழையையும் விளாரையும் மட்டும் எங்களுக்கு விட்டுப் போயிருந்தார்கள், அதை அள்ள வேறு ஆள் வைத்தோம்.

மொட்டையடித்தால் என்ன, திரும்பத் தழைக்குமே என்று பலர் சொல்வார்கள். தழைக்கும், அதுதான் தொல்லை. வெட்டுவாயைச் சுற்றிக் கொத்தாகக் கிளம்பும் துளிர்கள் மேல்பட்டையை ஒட்டியே பிடித்திருக்கும், பழைய கிளை மாதிரி உள்கட்டையோடு இறுகியிருக்காது. நாலைந்து வருடத்தில் அவை கனத்துவிடும். அதற்குப் பிறகு வருகிற புயலில் முதலில் முறிவது அவைதான். நடுவில் பெரிய வெட்டுவாய் மூடாமல் அழுகி உள்ளே பொந்து விழும்.

வெட்டிய விதம் இன்னும் மோசம். கனமான கிளையை மூன்று வெட்டில் எடுக்க வேண்டும். தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி, அடிப்பக்கமாக முதலில் மூன்றில் ஒரு பங்கு அறுக்க வேண்டும். அதற்குக் கொஞ்சம் வெளியே மேலிருந்து அறுத்தால் கிளை பட்டையை இழுக்காமல் விழும். மிச்சமிருக்கும் குச்சியைக் கடைசியாகக் கிளைக் கழுத்தை ஒட்டி எடுக்க வேண்டும். கிளை தண்டோடு சேரும் இடத்தில் மோதிரம் போட்டது போலத் தடித்து இருக்கிறதே, அதுதான் கழுத்து. அதற்கு வெளியேதான் வெட்டு விழ வேண்டும். காயத்தை மூடும் திசு அங்கிருந்துதான் வளரும். எங்கள் மரத்தில் மேலிருந்து ஒரே அறுப்பு. கிளையின் கனம் தாங்காமல் தண்டில் ஆள் உயரத்துக்குப் பட்டை உரிந்து வந்திருக்கிறது, ஓட்டிலும் ஒரு வரிசை உடைந்திருக்கிறது. கயிறு கட்டி இறக்கவே இல்லை.

இனி மெஷின் கதை. கஜாவுக்குப் பிறகு விழுந்த தென்னைகளை அறுக்க ஒரு நல்ல கம்பெனி மெஷின் வாங்கி வைத்திருந்தோம். அவர்களுடைய மெஷின் நடுவில் நின்றுவிட்டது என்று அம்மாவிடம் இதைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். பைக்குக்கு வைத்திருந்த வெறும் பெட்ரோலை ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். இது டூ ஸ்ட்ரோக் இன்ஜின், பெட்ரோலில் 2டி ஆயில் கலந்தால்தான் உள்ளே வழவழப்பு. எங்கள் மெஷினுக்கு அதே கம்பெனி ஆயில் என்றால் லிட்டருக்கு 20 மில்லி, சாதாரண 2டி ஆயில் என்றால் 40 மில்லி. கலக்காமல் ஓட்டினால் சில நிமிடங்களில் பிஸ்டன் உரசிப் பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொண்டது. "பழைய மெஷின் தம்பி, அதான்" என்றார் போனில்.

அந்தப் பேச்சை நம்பத் தேவையில்லை. டேங்கில் மிச்சமிருந்த பெட்ரோலில் ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டுக் காயவைத்தேன். ஆயில் கலந்தது என்றால் எண்ணெய்க் கறை நிற்கும். தாள் சுத்தமாகக் காய்ந்தது. சைலன்சரைக் கழற்றி, புகை வெளியேறும் துளை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால் பிஸ்டனில் மேலும் கீழுமாகக் கோடுகள். உங்கள் மெஷின் நின்றால் பட்டறைக்குத் தூக்கும் முன் இதைப் பாருங்கள், போட்டோ எடுங்கள். பிஸ்டன் பளபளவென்று இருந்தால் கோளாறு பெரும்பாலும் ப்ளக், ஏர் ஃபில்டர், கார்ப்பரேட்டர் பக்கம், பெரிய செலவு இல்லை.

அதே ஆள் காட்டிய பட்டறை என்பதுதான் அடுத்த கோளாறு. அவரே ஆள் அனுப்பி மெஷினை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். "பிளாக், பிஸ்டன், கார்ப் எல்லாம் போச்சு" என்று 7,000 ரூபாய்க்கு மேல் வாங்கினார்கள். பிளாக் என்றால் பிஸ்டன் ஓடும் சிலிண்டர். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டு. கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டால் "இரும்புக் கடைக்குப் போட்டாச்சு". கொஞ்ச நாளில் மெஷின் சூடானதும் நிற்க ஆரம்பித்தது. வேறு ஊர் மெக்கானிக் ஒருவர் திறந்து பார்த்துவிட்டு இரண்டு விஷயம் சொன்னார். கார்ப்பரேட்டரும் பிளாக்கும் பெயரில்லாத டூப்ளிகேட். நான் டார்ச் அடித்து எடுத்த போட்டோவைப் பார்த்துவிட்டு, இதற்குப் பிளாக்கே மாற்றியிருக்க வேண்டியதில்லை, பிஸ்டனின் அலுமினியம் பிளாக்கின் உள்சுவரில் ஒட்டியிருக்கும், அதைச் சுத்தம் செய்து பிஸ்டனும் ரிங்கும் மட்டும் போட்டிருந்தால் ஓடியிருக்கும் என்றார். எங்கள் ஒரிஜினல் பிளாக் இன்னொருவர் மெஷினில் நல்ல விலைக்கு ஏறியிருக்கும். மரக்காரர் கட்டையை எடுத்துப்போனார், பட்டறைக்காரர் பாகத்தை எடுத்துப்போனார். இரண்டு பேருக்கும் நாம் கொடுத்த கூலி சில்லறைதான்.

செயினையும் கெடுத்திருந்தார்கள். மரத்தில் கொடி கட்ட அடித்த ஆணியில் பட்டு மழுங்கியதை கிரைண்டரில் பிடித்திருக்கிறார்கள். பல் நுனி நீலம் பாரித்திருந்தது. நீலம் என்றால் சூட்டில் இரும்பின் பதம் போய்விட்டது, அப்புறம் கூர் நிற்காது. செயினுக்கு உருட்டு அரம்தான் சரி. எங்கள் செயினுக்கு 4.8 மில்லிமீட்டர். அளவு செயினுக்குச் செயின் மாறும், பெட்டியில் போட்டிருக்கும். எல்லாப் பல்லையும் ஒரே கோணத்தில், உள்ளிருந்து வெளியே, சம எண்ணிக்கையில் தேய்க்க வேண்டும்.

வேலைக்கு ஆள் வந்தால் அவர் மெஷினை ஒரு பழைய கட்டையில் அறுத்துக் காட்டச் சொல்லுங்கள். சீவல் சீவலாக விழுந்தால் செயின் கூர். மாவு மாதிரித் தூள் பறந்து, அழுத்தி அழுத்தி அறுத்தால் மழுங்கல். அந்த ஆள் மரத்து மேலே நின்று ஒரு கையில் மெஷினை அழுத்தும்போது பாரின் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகட்டின்) மூக்கு எதிலாவது பட்டால் மெஷின் முகத்துக்கே எகிறும். முன்னால் இருக்கும் கைக்காப்பைத் தள்ளினால் செயின் நிற்கிறதா என்றும் பாருங்கள். அதுதான் பிரேக், சில மெஷின்களில் வேலை செய்யாது. சர்வீஸ் வயர் பக்கத்தில் போனால் லைன்மேனிடம் சொல்லிக் கரண்டை நிறுத்தாமல் ஏறவிடாதீர்கள்.

எந்தக் கிளை, எந்த இடம் என்று சுண்ணாம்பால் கோடு போட்டுப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அவருக்கே அனுப்பிவிடுங்கள். கூலி தனி, கட்டை தனி. கட்டை நம்முடையது, வேண்டுமானால் வேலை முடிந்தபின் விலை பேசலாம். நம் மெஷினை யார் கேட்டாலும் கிடையாது. பட்டறையில் விடும்போது பிளாக்கையும் கார்ப்பரேட்டரையும் எண் தெரியப் படம் எடுத்து, பழைய பாகம் திரும்ப வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இரண்டு பேருக்கும் பணம் ஜிபேயில் போட்டதால் பதிவு இருக்கிறது. தாள் சோதனை வீடியோ, பிஸ்டன் போட்டோ, இரண்டாவது மெக்கானிக் எழுதிக் கொடுத்த குறிப்பு எல்லாம் சேர்த்துத் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கொடுக்கப் போகிறோம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, நடந்ததிலிருந்து 2 வருடத்துக்குள் போக வேண்டும். இதே ஆட்களிடம் மாட்டியவர்கள் இருந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள், மனுவை ஒரே நேரத்தில் கொடுக்கலாம்.