கரண்ட் வைப்பதா, ஊசியில் ஏற்றுவதா?

எங்கள் பக்கம் கதிர்வீச்சுச் சிகிச்சை என்றால் முழிப்பார்கள். ‘கரண்ட் வைக்கிறாங்க’ என்றால் பாம்பன் முதல் தொண்டி வரை எல்லோருக்கும் புரியும். உடம்பில் கரண்ட் எதுவும் ஏறுவதில்லை என்பது வேறு விஷயம். இப்போது கதிர்வீச்சையே மருந்தோடு கோத்து நரம்பில் ஏற்றும் முறையும் பேச்சில் அடிபடுகிறது.

ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழிருக்கும் புராஸ்டேட் சுரப்பியில் வரும் புற்றுநோயையே எடுத்துக்கொள்வோம். கட்டி சுரப்பியைத் தாண்டவில்லை என்றால் என் ஓட்டு கரண்டுக்குத்தான். முழுக்கக் குணமாக வாய்ப்புண்டு. அலைச்சல்தான் தொல்லை. வாரத்துக்கு 5 நாள், பெரும்பாலும் 4 முதல் 8 வாரம். பாம்பனிலிருந்து மதுரைக்கு 150 கி.மீ.க்குக் குறையாது. தினமும் போய்வர ஆகாது. அறை எடுத்துத் தங்கினால் துணைக்குப் போகிற மகனுக்கும் கடல் இல்லை, கூலி இல்லை.

எலும்பெல்லாம் பரவிவிட்டால் கதை வேறு. லுட்டீசியம்-177 என்ற கதிர்வீச்சுப் பொருளை மருந்தோடு கோத்த ஊசி, புற்றுச் செல்லின் மேலிருக்கும் பிஎஸ்எம்ஏ என்ற புரதத்தைத் தேடி ஒட்டிக்கொள்ளும். அதன் கதிர் 2 மி.மீ. அளவுக்குத்தான் பாயும். 6 வாரத்துக்கு ஒன்று, அதிகபட்சம் 6 ஊசி. பயணம் குறைவுதான், ஆனால் புற்று எங்கெங்கே இருக்கிறது என்று படம்பிடிக்கும் பெட் ஸ்கேனில் அந்தப் புரதம் தெரிந்தால்தான் ஊசி. அமெரிக்காவில் 2022இல் அனுமதி கிடைக்கக் காரணமான ஆய்வில், மற்ற மருந்துகளுக்கு நோய் அடங்காதவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டும் அளவு) 11.3 மாதத்திலிருந்து 15.3 ஆனது. நாலு மாதம். சிறிதா பெரிதா என்று அந்த வீட்டுக்காரர்கள்தான் சொல்ல வேண்டும். வாய் உலரும், ரத்த அணுக்கள் குறையலாம். சில நாள் சிறுநீரிலும் கதிர்வீச்சு இருக்கும்: ஆண்களும் உட்கார்ந்துதான் போக வேண்டும், இரண்டு தடவை தண்ணீர் ஊற்ற வேண்டும், பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் விட்டுத் தள்ளிப் படுக்க வேண்டும். ஓர் அறை வீட்டில் இது லேசில்லை.

ஒரே எலும்பில்தான் வலி என்றால் ஊசிக்கு ஓட வேண்டாம். ஒரே நாள் கரண்டிலேயே பலருக்கு வலி அடங்கிவிடும்.

தைராய்டில் போட்டியே வேறு மாதிரி. பரவிய பல தைராய்டுப் புற்றுகளுக்கு 1940களிலிருந்து கதிர்வீச்சுள்ள அயோடினான அயோடின்-131தான் முன்னால் நிற்கிறது. அதற்கு முன் ஒன்றிரண்டு வாரம் அயோடின் உப்பும் கடல் மீனும் கூடாது. சொந்தக்கார அக்கா ஒருவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, கடைசியில் மெதுவாகக் கேட்டார்: “கருவாடுமா டாக்டர்?”