கொல்லை அடுப்புக்கு மழைக்கூரை: கீற்றிலிருந்து தகரம் வரை

கொல்லையில் அடுப்பு வைத்திருக்கிறேன், மழைக்கு மேலே என்ன போடலாம் என்று யாராவது கேட்டால் பதில் சீட் பெயரில் ஆரம்பித்து சீட் விலையில் முடிந்துவிடுகிறது. பாலிகார்பனேட் போடு, கலர் சீட் போடு, தார்ப்பாயே போதும், இப்படி. பல வருஷமாகக் கூரைக்கடியில் விறகு எரிக்கிற வீடு எங்களுடையது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: மழை எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது, புகை எந்தப் பக்கம் வெளியேறும், இந்த இரண்டையும் முடிவு செய்துகொண்டு கடைக்குப் போங்கள். சீட் அப்புறம்.

கடலூர் பக்கம் எங்கள் ஊர். தினசரிச் சமையலுக்கு உள்ளே கேஸ் இருக்கிறது. கறிக்குழம்பு, மீன் வறுவல், குளிக்க வெந்நீர், ஆள் கூடினால் அண்டாச் சோறு, தீபாவளிப் பலகாரம் எல்லாம் பின்னால்தான். இதில் தீபாவளிதான் சிக்கல். ஐப்பசி மழை அடைமழை என்பார்கள், அந்த ஐப்பசியில்தான் அதிரசமும் முறுக்கும் சுட வேண்டும். காய்ந்த எண்ணெயில் நாலு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் என்ன ஆகும் என்று பலகாரம் சுட்டவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏதோ ஓரளவு நனையாமல் இருந்தால் போதும் என்கிற கூரை எங்களுக்கு ஆகாது.

முதலில் இருந்தது சவுக்குக் கழி நட்டு, தென்னங்கீற்று வேய்ந்த கொட்டகை. வெயிலுக்கு அதை மிஞ்ச எதுவும் கிடையாது, இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். புகை இடுக்கு வழியாகத் தானே கசிந்து போய்விடும், நல்ல சரிவாக வேய்ந்தால் மழையும் இறங்காது. ஆனால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையாவது மாற்றி வேய வேண்டும், வேய்கிற ஆள் இப்போது லேசில் கிடைப்பதில்லை, போதாததற்குக் கழியின் அடியைக் கரையான் தின்றுகொண்டே இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே நெருப்பு பயம். பாளையும் பன்னாடையும் வைத்துப் பற்றவைத்தால் பொறி மேலே எழும்பும். நனைந்த கீற்று பிடிக்காது, சித்திரையில் காய்ந்து கிடக்கும்போது ஒரே பொறி போதும். தெருவில் வீடுகள் நெருங்க ஆரம்பித்ததும் அப்பாவே அதைப் பிரித்துப் போட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் தார்ப்பாய். நாலு மூலையிலும் கயிறு கட்டி இழுத்தால் ஒரு மணி நேரத்தில் கூரை ரெடி, அதுதான் அதன் பெருமை. வாங்கும்போது ஜிஎஸ்எம் எண்ணைப் பாருங்கள், ஒரு சதுர மீட்டர் பாய் எத்தனை கிராம் எடை என்பது அது. 90 எழுதிய மெல்லிய நீலப் பாய் சீக்கிரமே வெயிலில் நூல் நூலாக உதிரும், 200க்கு மேல் போனால் கொஞ்சம் நாள் தாங்கும். எந்த எண்ணாக இருந்தாலும் அது பாலிஎத்திலீன்தான், 130 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகிவிடுகிற சரக்கு. பொறி பட்ட இடத்திலெல்லாம் மிளகளவு ஓட்டை விழும். நடுவில் தொய்ந்து தண்ணீர் தேங்கும், கழியால் முட்டித் தள்ளினால் சொல்லிவைத்தாற்போல் அடுப்புப் பக்கம்தான் கொட்டும். வாடகை வீட்டுக்கும் ஒருநாள் விசேஷத்துக்கும் சரி. குடை மாதிரி விரிக்கிற மடக்குக் கூடாரம் ஒன்றை மச்சான் வாங்கினார், அதுவும் இதே கதைதான். தையலில் ஒழுகியது, ஒரு பலத்த காற்றில் கால் மடங்கியது. வெயிலில் உட்கார்ந்து பிரியாணி போட அது போதும், மழைக்கு என்று வாங்காதீர்கள்.

பாலிகார்பனேட் எங்கள் வீட்டில் இல்லை, புதுச்சேரியில் அக்கா வீட்டு மொட்டைமாடியில் இருக்கிறது. வெளிச்சம் அருமை. பிளாஸ்டிக் வகையில் சூடு தாங்குவதும் அதுதான், 140 டிகிரி பக்கம் போனால்தான் இளகும். பிவிசி, யுபிவிசி சீட்டெல்லாம் 80 டிகிரிக்கே தொளதொளக்க ஆரம்பிக்கும், அதனால் விறகடுப்புக்கு நேர் மேலே அவை வேண்டவே வேண்டாம். அக்கா வீட்டில் கேஸ் அடுப்புதான் என்பதால் சூட்டில் பிரச்சினை வரவில்லை, எண்ணெய்ப் பிசுக்கில் வந்தது. தாளிக்கிற ஆவி சீட்டின் அடியில் படிந்து, அதில் தூசி ஒட்டி, கண்ணாடியாக இருந்தது மங்கிவிட்டது. இரட்டைச் சுவர் சீட் என்றால் நடுவில் ஓடும் குழாய்களின் வாயை டேப் போட்டு அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே பாசி பிடிக்கும், எறும்பு குடியேறும். புற ஊதாக் கதிருக்கான பூச்சு பல சீட்டுகளில் ஒரு பக்கம் மட்டும்தான், மேலே ஒட்டி வரும் பிளாஸ்டிக் தாளில் எது வெளிப்பக்கம் என்று அச்சடித்திருப்பார்கள். பொருத்துகிற ஆள் தாளை முதலிலேயே கிழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய ஆஸ்பெஸ்டாஸ் சீட் யாராவது சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். அதன் நார் நுரையீரலுக்கு ஆகாது, அடியில் தீ பலமாகப் பட்டால் வெடித்துச் சிதறவும் செய்யும். மங்களூர் ஓடு நல்லதுதான், சூடு குறைவு, புகையும் இடுக்கில் போகும், ஆனால் செங்குத்தான சரிவும் கனமான மரச்சட்டமும் கேட்கும். சின்ன இடத்துக்கு அவ்வளவு செலவு எங்களுக்குக் கட்டுபடியாகவில்லை.

இப்போது இருப்பது கலர் பூச்சு இரும்பு சீட், அரை மில்லிமீட்டர் கனம், இரண்டு அங்குல ஜிஐ பைப் கால். இதைவிட மெல்லிய சீட் கடையில் மலிவாகக் கிடைக்கும், அதன் மேல் தேங்காய் மட்டை விழுந்தாலே குழிந்துவிடும், தென்னை இருக்கிற கொல்லைக்கு ஆகாது.

இடம்தான் முக்கியம் என்றேன் அல்லவா, அது இப்படி. எங்களுக்குப் பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில், அதாவது கிழக்கிலும் வடகிழக்கிலும் இருந்து சாரலடிக்கும். கொல்லை வீட்டுக்கு மேற்கே இருக்கிறது. அதனால் அடுப்பை வேலியோரம் கொண்டுபோகாமல் வீட்டின் பின்சுவரிலிருந்து நாலடி தள்ளி வைத்தோம், வீடே பாதிச் சாரலைத் தடுத்துவிடுகிறது. மேல்தளத்தின் விளிம்பு சுவரைவிட்டு ஒன்றரை அடி நீண்டிருக்கும். அதற்குக் கீழே அரையடி இடைவெளி விட்டு, கூரையின் உயரமான பக்கம் வருகிற மாதிரி செய்தாயிற்று. மழை அந்த இடைவெளியில் நுழையாது, புகை அதன் வழியாகவே போய்விடும். சீட்டைச் சுவரோடு ஒட்டிவிட்டால் சுவரில் வழிகிற தண்ணீர் அந்த மூட்டு வழியாக உள்ளே இறங்கும், எத்தனை சிமெண்ட் பூசினாலும் அடுத்த வருஷம் வெடிப்பு விடும். எங்கள் ஏற்பாட்டுக்கும் ஒரு விலை உண்டு, தளத்தின் அடிப்பக்கம் கரியேறிக் கறுத்துவிட்டது, மாடியில் துணி காயப்போட்டால் புகை வாசம் வரும். அடுப்பு எரியும் நாளில் துணியை முன்பக்கக் கொடிக்கு மாற்றிக்கொள்கிறோம்.

உயரத்தில் வெல்டருக்கும் அம்மாவுக்கும் ஒரு வாக்குவாதமே நடந்தது.

"எட்டடி போதும்மா, ரொம்பத் தூக்குனா காத்து பிடிச்சுக்கும்."

"காத்து பிடிக்கட்டும் தம்பி, அதுக்குக் காலை இன்னும் ஆழமா நடு. எனக்கு மேல இடம் வேணும்."

கடைசியில் சுவர்ப் பக்கம் ஒன்பதரை அடி, வெளிப்பக்கம் ஏழடி. அம்மா சொன்னதில் இருந்த நியாயம் முதல் அடைமழையிலேயே தெரிந்தது. தகரக் கூரைக்கு ஒழுகல் இல்லாமலேயே ஒழுகுகிற வழி ஒன்று உண்டு. வெளியே மழையில் சீட் குளிர்ந்து கிடக்கும், கீழே அண்டாவிலிருந்து ஆவி எழும்பும், அந்த ஆவி சீட்டின் அடியில் பட்டு முத்து முத்தாகக் கோத்து நிற்கும். விறகுப் புகையின் கரியும் அங்கேயே படிந்திருப்பதால் சொட்டு விழும்போது கறுப்பாக விழும். வெள்ளைச் சோற்றில் ஒரு கறுப்புச் சொட்டு விழுந்து பரவுவதை ஒருதரம் பார்த்துவிட்டால் கூரை விளம்பரங்களில் சொல்கிற எதுவும் காதில் ஏறாது.

இதற்கு மருந்து உயரமும் சரிவும்தான். கூரை உயர உயர ஆவி மேலே போகும் முன்பே கலைந்துவிடும். சரிவு நன்றாக இருந்தால் கோத்த தண்ணீர் சொட்டாமல் சீட்டின் அடியிலேயே வழிந்து கீழ்விளிம்புக்குப் போகும். அப்படி வழிகிற தண்ணீர் குறுக்குப் பைப் தட்டுகிற இடத்தில் நின்று, அங்கிருந்துதான் சொட்டும், கவனித்துப் பாருங்கள். ஆகவே குறுக்குப் பைப்புக்கு நேர் கீழே அடுப்பு வரக் கூடாது, இரண்டு பைப்புக்கு நடுவில் வர வேண்டும். பைப் வைக்கும் முன்பே தரையில் அடுப்பு இருக்கிற இடத்தைச் சுண்ணாம்பால் கோடு போட்டு வெல்டரிடம் காட்டிவிடுங்கள். மழைக்காலம் தொடங்கும் முன் நீளத் துடைப்பத்தால் அடிப்பக்கத்துக் கரியைத் தட்டிவிடுவது எங்கள் வீட்டில் சரஸ்வதி பூஜை ஒட்டடையோடு சேர்ந்த வேலை.

ஸ்க்ரூ விஷயம் ஒன்று. சீட்டில் மேடு பள்ளம் இருக்கிறதல்லவா, தண்ணீர் ஓடுவது பள்ளத்தில், ஸ்க்ரூ மேட்டில்தான் இறங்க வேண்டும். ரப்பர் வாஷர் லேசாக அமுங்கினால் போதும், பிதுங்கி வெளியே வருகிற அளவுக்கு முறுக்கினால் வெயிலில் வெடித்துப்போகும். சீட்டோடு சீட் மேலேறுகிற ஓரம் காற்று வருகிற பக்கம் வாய் திறந்து இருக்கக் கூடாது. அப்புறம், சீட்டின் மேலேயே வைத்து கிரைண்டரால் அறுக்க விடாதீர்கள். அறுக்கும்போது தெறிக்கிற சூடான இரும்புத்தூள் பெயிண்டில் ஒட்டிக்கொண்டு, கடற்காற்றில் அத்தனையும் துருப்புள்ளியாக மாறும். எங்கள் கூரையின் ஒரு மூலை அப்படித்தான் அம்மை போட்டுக் கிடக்கிறது, மீதிச் சீட் இன்னும் நன்றாக இருக்கிறது.

பெரிய சோதனை ஃபெஞ்சல். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் நின்று கொட்டிய புயல், புதுச்சேரியில் மட்டும் ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல். நம் பக்கத்துப் புயல்கள் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறவை, அதனால் புயல் எங்களுக்கு வடக்கே இருந்தால் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். வீட்டைச் சாரலுக்கு மறைப்பாக வைத்த கணக்கு அன்றைக்குச் செல்லாது. மழை கூரைக்கடியில் படுத்தவாக்கில் புகுந்து அடுப்பை ஊறவைத்தது, மண்ணடுப்பின் ஒரு குமிழ் கரைந்தே போனது. கூரை மட்டும் அசையவில்லை, அம்மா கேட்ட ஆழத்தில் காலை நட்டுக் காங்கிரீட் போட்டிருந்ததால்தான். 2011 டிசம்பர் 30 தானே புயலில் தகரம் பறந்ததைக் கண்ட எங்கள் ஊரில் இதைச் சொன்னால் யாரும் செலவு என்று முணுமுணுக்க மாட்டார்கள். மூன்று பக்கமும் திறந்த கூரையில் காற்று கீழே புகுந்து மேலே தூக்கும், அதனால் காலின் பிடிப்பில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

மேற்குப் பக்கத்துக்கு மூங்கில் தட்டி ஒன்று இருக்கிறது. ஆடி ஆவணி மாதங்களில் சாயங்காலம் மேற்கிலிருந்து வருகிற இடிமழைக்கு அதுதான் தடுப்பு. தரையிலிருந்து இரண்டடி மேலே, கூரைக்கு இரண்டடி கீழே நிற்கும், அடுப்பிலிருந்து ஐந்தடி தள்ளி. சாரல் தாங்கவில்லை என்று சிலர் நாலு பக்கமும் தார்ப்பாய் இழுத்து மூடிவிட்டு உள்ளே விறகோ கரியோ எரிக்கிறார்கள், அது ரொம்ப ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. புகை கண்ணை எரிக்காததால் பிரச்சினை இல்லை என்று அர்த்தமாகாது.

கீழ்விளிம்பிலிருந்து கொட்டுகிற தண்ணீர் மண்ணை வாரி அடுப்பு மேலே தெளிக்கும். அங்கே ஒரு அடி அகலத்துக்கு ஜல்லி பரப்பியிருக்கிறோம், தரையை அரையடி உயர்த்திச் செங்கல் பாவியிருக்கிறோம். விறகு அடுக்கவும் கூரைக்குள்ளேயே இடம் விட்டுக்கொள்ளுங்கள், ஈர விறகை வைத்துக்கொண்டு நல்ல கூரை போட்டு என்ன பயன். தகரத்தில் மழைச் சத்தம் பலமாகத்தான் இருக்கும், பக்கத்தில் நிற்கிறவரிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும், சித்திரை மதியத்தில் அடியில் நிற்கவே முடியாது. கோடைக்கு மட்டும் சீட் மேலே பழைய கீற்றைப் போட்டு, மழைக்கு முன் எடுத்துவிடுகிறோம், விட்டுவைத்தால் அதன் அடியில் ஈரம் நின்று சீட் துருப்பிடிக்கும்.

கேஸ் அடுப்பை வெளியே வைக்கிறவர்களுக்குப் பொறி பயம் இல்லை, கூரை எட்டடி இருந்தாலே தாராளம், அவர்களுக்குப் பாலிகார்பனேட்டும் ஒத்துவரும். காற்றில் தீ அணைந்து கேஸ் மட்டும் வந்துகொண்டிருக்கும், அதனால் அடுப்பைச் சுற்றி மூன்று பக்கம் தகர மறைப்பு வையுங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தாழ்வான இடத்தில் போய்த் தேங்கும், சிலிண்டரைப் பள்ளத்திலோ தண்ணீர்த் தொட்டி மூடிக்குப் பக்கத்திலோ வைக்காதீர்கள்.