துருப்பிடித்த பிரேக் பைப் நட்டு: மாருதி 800இல் ஆறு வருடம் கழற்றிப் பார்த்த அனுபவம்

எங்கள் வீட்டு மாருதி 800, 1999 மாடல். முதல் 17 வருடம் திருவான்மியூரில் மாமா வீட்டு வாசலில், கடலுக்கு நாலு தெரு தள்ளி, கூரை இல்லாமல் நின்ற வண்டி. 2016இல் மாமா கண் ஆபரேஷன் செய்துகொண்டு ஓட்டுவதை நிறுத்தியதும் வேலூர் சத்துவாச்சாரிக்கு, எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. வேலூர் வெயிலுக்கு வந்த பிறகு எது துருப்பிடிக்கப் போகிறது என்று இருந்துவிட்டேன். பாலாற்றில் தண்ணீர் ஓடினால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடுகிற ஊர் இது. ஆனால் துரு திருவான்மியூரிலேயே ஏறி வண்டியோடு வந்துவிட்டிருந்தது. மேலே பெயின்ட் பளபளவென்று இருந்ததால் யாரும் குனிந்து பார்க்கவில்லை.

2018 டிசம்பரில் கிரீன் சர்க்கிள் நெரிசலில் நிற்கும்போது பிரேக் பெடல் காலுக்கடியில் மெல்ல இறங்கியது. இரண்டு முறை பம்ப் செய்து ஒருவழியாக வீடு வந்து பார்த்தால் பின்பக்க இடது டயரின் உள்பக்கம் நனைந்திருந்தது. வீல் சிலிண்டர் லீக்; பெடலின் அழுத்தத்தை வாங்கி அந்தச் சக்கரத்தின் பிரேக்கைத் தள்ளும் சின்ன உருளை அது. அதை மாற்றுவது அரை மணி நேர வேலை, அதில் வந்து சேரும் பிரேக் பைப் நட்டு மட்டும் கழன்றால்.

அது கழலவில்லை. முதலில் விட்ட ஒர்க்‌ஷாப்பில் சாதாரண 10ஆம் நம்பர் ஓப்பன் ஸ்பேனரைப் போட்டு ஒரு இழு இழுத்தார்கள். நட்டு முனை மழுங்கியது. அடுத்து கவ்விப் பூட்டிக்கொள்ளும் வைஸ் கிரிப் பிளையர். நட்டோடு சேர்ந்து பைப்பும் முறுக்கிக்கொண்டு பிளந்தது. "பழைய வண்டி சார், மொத்த பைப் செட்டும் மாத்தணும்" என்றார்கள். சொன்ன தொகை வண்டியின் விலையில் கால்வாசி இருக்கும். கட்டி இழுத்துக்கொண்டு வீட்டுக்கே திரும்பினேன்.

கஸ்பா பக்கம் பட்டறை வைத்திருக்கும் பாய் ஒருவர் மறுநாள் வந்தார். கீழே படுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இந்த சிலிண்டரத்தான் தூக்கிப் போடப்போற. அப்புறம் அதுல இருக்கிற நட்டக் காப்பாத்தி இன்னா சார் பண்ணப்போற?" ஏற்கெனவே பிளந்திருந்த பைப்பை நட்டை ஒட்டி வெட்டினார். சிலிண்டரைப் பிடித்திருந்த போல்ட்டுகளைக் கழற்றினார். நட்டு உள்ளேயே இருக்க, சிலிண்டர் முழுசாகக் கையோடு வந்துவிட்டது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. புது சிலிண்டர், ரப்பர் ஹோஸ் வரைக்கும் அந்த ஒரு துண்டுக்கு மட்டும் புது பைப். அவ்வளவுதான்.

அன்றைக்குப் பிறகு இந்த வண்டியில் எந்த நட்டைத் தொட்டாலும் முதலில் எதைப் பலி கொடுப்பது என்று முடிவு செய்துகொண்டுதான் ஸ்பேனரை எடுக்கிறேன். சிலிண்டர் மாற்றுவதாக இருந்தால் நட்டு அதோடு போகட்டும். ஹோஸ் மாற்றுவதாக இருந்தால் ரப்பரைக் குறுக்கே வெட்டிவிட்டு, பிராக்கெட்டில் இருக்கும் கிளிப்பை உருவி, நட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு ஹோஸின் இரும்பு முனையைத் திருப்பிக் கழற்றலாம். நட்டு சுற்றாததால் பைப் முறுக்காது. பைப்தான் போகப்போகிறது என்றால் இன்னும் சுலபம்: நட்டை ஒட்டிப் பைப்பை வெட்டிவிட்டு ஆறுமுனை சாக்கெட்டை நேராக மாட்டலாம். பன்னிரண்டு முனை சாக்கெட் வேண்டாம், மழுங்கின நட்டை அது இன்னும் மழுக்கும். எதையுமே விட முடியாத இடம் மாஸ்டர் சிலிண்டர், பெடலை மிதித்ததும் எல்லாப் பைப்புக்கும் ஆயிலைத் தள்ளும் பகுதி. அங்கே நட்டு, பைப், உள்ளே இருக்கும் மரை மூன்றும் பிழைக்க வேண்டும்.

அந்த ஒரு இடத்துக்காகத்தான் ப்ளேர் நட் ஸ்பேனர் வாங்கினேன். ரிங் ஸ்பேனரில் ஒரு பக்கம் வெட்டு விட்டதுபோல இருக்கும். அந்த வெட்டு வழியாகப் பைப்பை நுழைத்து நட்டில் இறக்கலாம். ஓப்பன் ஸ்பேனர் நட்டின் இரண்டு பக்கங்களை மட்டும் பிடிக்கும். இது ஐந்து பக்கங்களைப் பிடிக்கும். பிரேக் பைப் நட்டு நடுவில் பைப் போவதற்காகக் குடைந்த நட்டு, சுவர் மெல்லியது. இரண்டு பக்கம் மட்டும் அழுத்தினால் நசுங்கி பைப்பையே கவ்விக்கொள்ளும். ஓப்பன் ஸ்பேனர் போட்டால் பைப் முறுக்குவது இதனாலும்தான்.

2019 ஜனவரியில் 450 ரூபாய்க்கு ஆன்லைனில் வாங்கிய முதல் ஸ்பேனர் பார்க்க நன்றாகவே இருந்தது. நாலைந்து நட்டு வரை பிரச்சினை இல்லை. 2020 கடைசியில் முன்பக்க ஹோஸ் நட்டில் போட்டபோது வழுக்கியது. வெட்டின் வாய் விரிந்திருந்தது. புது நட்டில் மாட்டிப் பார்த்தாலே லொடலொடவென்று ஆடியது. அடுத்து வாங்கியது தலை தடிமனான, கனமான ஸ்பேனர், விலை மூன்று மடங்கு. ஐந்து வருடமாக அதேதான் இருக்கிறது, வாய் விரியவில்லை. வாங்குகிறவர்கள் பளபளப்பைப் பார்க்காமல் தலையின் தடிமனைப் பாருங்கள்.

அடுத்து எண்ணெய். இதில்தான் எல்லோருக்கும் ஆளுக்கொரு நம்பிக்கை. நான் இரண்டு விதமான ஸ்பிரே டப்பா, டீசல், அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் சரிபாதி கலந்தது என்று நாலு விதம் போட்டுப் பார்த்தேன். கலவை உண்மையிலேயே இடுக்கில் இறங்குகிறது. ஆனால் இரண்டும் ஒன்றோடொன்று சேராது, ஒவ்வொரு சொட்டுக்கும் பாட்டிலைக் குலுக்க வேண்டும். வேலூர் மே மாதத்தில் அசிட்டோன் நட்டைத் தொடுவதற்குள் பாதி ஆவியாகிவிடும். பக்கத்தில் நெருப்பும் கூடாது. எனக்குத் தெரிந்த பெரிய வித்தியாசம் டப்பாவில் இல்லை, நாட்களில் இருந்தது. ஒரு மணி நேரம் ஊறிய நட்டும் மூன்று நாள் காலை மாலை நனைத்த நட்டும் வேறு வேறு நட்டுகள். பாய் சொன்னது: "இன்னா ஆயில்னு பாக்காத, எத்தினி நாள் ஊறுச்சுன்னு பாரு."

ஊற வைப்பதற்கு முன் கம்பி பிரஷ்ஷால் துருவையும் மண்ணையும் சுரண்டிவிட வேண்டும், முக்கியமாக நட்டின் பின்பக்கம் பைப் நுழையும் இடத்தில். நட்டு மரையில் பிடித்திருப்பதைவிடப் பைப்பில் பிடித்திருப்பதுதான் அதிகம். எண்ணெயை அந்தப் பக்கமும் விட வேண்டும். பிறகு சின்ன சுத்தியலால் நட்டின் ஆறு பக்கத்திலும் டொக் டொக்கென்று தட்டல். ஓங்கி அடிக்க வேண்டியதில்லை, துரு பொடிந்து எண்ணெய்க்கு வழி விட்டால் போதும். கழற்றும்போது முதலில் மயிரிழை அளவு இறுக்கும் பக்கம் திருப்பி, பிறகு தளர்த்தும் பக்கம். அசைந்ததும் ஒரேயடியாகச் சுற்றாமல் கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே, நடுவில் இன்னும் ஒரு சொட்டு. பைப் கூடவே சுற்றுகிறதா என்று தெரிய பைப்பில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்வேன். கோடு நகர்ந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு மறுபடி ஊறல்.

சூடு காட்டுவது கடைசி வழி. 2019இல் முன்பக்க வலது ஹோஸ் நட்டுக்கு மட்டும் சின்ன கேஸ் டார்ச் காட்டினேன். அதற்கு முன் ரப்பர் ஹோஸை வெட்டி எடுத்தாகிவிட்டது, உள்ளே இருந்த பிரேக் ஆயிலையும் வடித்தாகிவிட்டது. பிரேக் ஆயில் தீப்பிடிக்கும், அதன் புகையும் மூச்சுக்கு ஆகாது. ஸ்பிரே அடித்த நட்டில் உடனே தீ காட்டுவதும் அதே கதைதான். சூடான நட்டில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் மெழுகு உருகி மரைக்குள் இறங்கும். அது வேலை செய்தது. ஆனால் பெட்ரோல் டேங்க் இருக்கும் பின்பக்கம் இதை ஒருபோதும் செய்ய மாட்டேன்.

நான் செய்த ஒரு முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். பைப்பைக் கழற்றி வைத்தால் மேலே இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவிலிருந்து ஆயில் சொட்டிக்கொண்டே இருக்கும். பெடலை ஒரு இன்ச் அழுத்தி, சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவில் கட்டை முட்டுக் கொடுத்தால் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டன் துளையைத் தாண்டி நின்று, சொட்டுவது நின்றுவிடும். அருமையான வித்தை. கட்டையை வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனேன். பெடல் அழுந்தி இருந்ததால் பின்னால் பிரேக் லைட் ராத்திரி முழுக்க எரிந்து, காலையில் பேட்டரி செத்துக் கிடந்தது. இப்போது கட்டை வைத்தால் பேட்டரி ஒயரையும் கழற்றிவிடுகிறேன்.

புது பைப் விஷயம். கடையில் ரெடிமேடாகக் கிடைப்பது இரும்பு பைப். பின்பக்க இடது துண்டுக்கு அவசரத்தில் அதைத்தான் போட்டோம். மற்ற இடங்களுக்கு 2019 மார்ச்சில் தாமிர நிக்கல் பைப் சுருள் வரவழைத்தேன். சுமார் 90 பங்கு தாமிரம், 10 பங்கு நிக்கல். வால்வோ கம்பெனி 1976இலிருந்தே தன் கார்களில் இதைப் போட்டது. விலை வலித்தது. ஆனால் கையாலேயே வளையும், துருப்பிடிக்காது. விட்டம் அதே 4.75 மில்லிமீட்டர். பைப் முனையைப் புனல்போல விரித்து மடிப்பது, அதாவது ப்ளேர் செய்வதுதான் சவால். சுசூகிக்கு இரட்டை மடிப்பு ப்ளேர் வேண்டும். மலிவான ப்ளேரிங் செட்டில் நான் அடித்த முதல் ஏழெட்டு முனைகளும் கோணல். கடைசியில் பாய் பட்டறையிலேயே அடித்து வாங்கினேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பிரேக் ஆயிற்றே.

அங்கேதான் இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். பட்டறையில் நின்ற பழைய அம்பாசடரின் நட்டும் என் வண்டி நட்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. மாருதியில் 10 மில்லிமீட்டர் மரை, ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர். அம்பாசடரில் பழைய ஆங்கில அளவு, எட்டில் மூன்று இன்ச், இன்ச்சுக்கு 24 மரை. கணக்குப் போட்டால் 9.5 மில்லிமீட்டர் சொச்சம். அம்பாசடர் நட்டு மாருதி ஓட்டைக்குள் வழுக்கிக்கொண்டு போகும், இறுகுவது போலவும் தோன்றும், அழுத்தம் வந்ததும் மரையைப் பிடுங்கிக்கொண்டு வரும். எனவே பழைய நட்டு டப்பாவில் கையை விட்டு எடுப்பதை விட்டுவிட்டேன்.

மாட்டும்போது நட்டு போகும் இடத்தில் பைப்பின் வெளிப்பக்கம் சிவப்பு ரப்பர் கிரீஸை மெல்லிசாகத் தடவினேன். ப்ளேர் முகத்தில் எதுவும் படக்கூடாது. சாதாரண கிரீஸோ எஞ்சின் ஆயிலோ உள்ளே போனால் சீல் ரப்பர்கள் ஊதிவிடும். முதல் மூன்று நாலு சுற்று கையாலேயே போக வேண்டும். இறுக்கம் சுமார் 16 நியூட்டன் மீட்டர், அதாவது குட்டை ஸ்பேனரை ஒரு கையால் ஒரு திடமான இழுப்பு. "லீக் ஆகக் கூடாது" என்று பயந்து தொங்குவதால்தான் அடுத்த முறை கழற்ற முடியாமல் போகிறது.

நிஜமான சோதனை 2021 நவம்பரில் வந்தது. பாலாற்றில் வெள்ளம் போன அந்த மழையில் எங்கள் தெருவில் தண்ணீர் நின்று, வண்டி இரண்டு நாள் அச்சு வரை நனைந்தது. 2022 ஜனவரியில் எல்லா நட்டையும் திறந்து பார்த்தேன். நட்டுகளின் மேல் செம்பழுப்புத் துரு இருந்தது. கிரீஸ் தடவியவை எல்லாம் ஒரே இழுப்பில் சுற்றின, பைப் அசையவில்லை. அவசரத்தில் கிரீஸ் இல்லாமல் மாட்டிய அந்தப் பின்பக்க இடது இரும்பு பைப் மட்டும் மூன்றே வருடத்தில் மறுபடி பிடித்திருந்தது. மூன்று நாள் ஊறல். கழன்றது, ஆனால் பைப்பைத் தூக்கிப் போட்டுத் தாமிர நிக்கலே போட்டுவிட்டேன்.

பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றத் திறக்கும் சின்ன திருகான ஏர் எடுக்கும் நிப்பிளைப் பற்றி ஒரு வார்த்தை. அது உள்ளே துளை உள்ளது, சுலபமாக முறியும். 2022இல் ஒன்றை முறித்திருக்கிறேன். இப்போது இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பிரேக் ஆயில் மாற்றும்போது நாலு நிப்பிளையும் திறந்து மூடி, ரப்பர் மூடியைத் தவறாமல் போடுகிறேன். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், உள்ளிருந்தும் துரு வரும். புது டாட் 3 ரக பிரேக் ஆயில் 205 டிகிரியில்தான் கொதிக்கும். ஈரம் ஏறியது 140 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கலாம். ஆயில் கொதித்தால் பிரேக் பிடிக்காது என்பதை ஏலகிரி மலை வளைவுகளில் இறங்குபவர்கள் நினைவில் வைக்கலாம். பெயின்டில் சிந்தினால் துடைப்பதைவிட உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுவது மேல்.

2024இல் ஆர்.சி. புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீஸ் போவதற்கு முன் பின்பக்கம் இரண்டு வீல் சிலிண்டரும் மாற்றினேன். 2018இல் இரண்டு நாளும் ஒரு பைப்பும் தின்ற அதே வேலை, இந்த முறை ஞாயிற்றுக்கிழமை காலை டிபனுக்கு முன்பே முடிந்தது. முன்பக்க வலது பிராக்கெட் மட்டும் துருவில் மெலிந்து வருகிறது. அதை வெட்டி வெல்டிங் வைக்க வேண்டும். அந்த நட்டுக்கு நேற்றுதான் முதல் சொட்டு விட்டிருக்கிறேன்.