வீட்டு உமிழ்நீர் கார்ட்டிசால் கிட்: தொப்பைக்குக் காரணம் சொல்லுமா?

மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசாலை உமிழ்நீரில் அளக்கும் கிட் இது. உமிழ்நீர் சேகரிக்க நாலு குழாய், நாலு வேளை: எழுந்ததும், மதியம், மாலை, படுக்கும் முன். எழுந்த 30–45 நிமிடத்தில் கார்ட்டிசால் உச்சத்துக்குப் போய்விடும். முதல் குழாயைத் தள்ளிப்போட்டால் அந்த எண்ணின் அர்த்தமே மாறிவிடும். பல் தேய்த்து ஈறில் ரத்தம் கசிந்தாலோ, ஹைட்ரோகார்ட்டிசோன் க்ரீம் (கார்ட்டிசாலே மருந்தாக உள்ள தோல் க்ரீம்) தடவிய விரல் உமிழ்நீர் எடுக்கும் பஞ்சில் பட்டாலோ அளவு பொய்யாக ஏறும். இதைக் கையேட்டில் பொடி எழுத்தில் போட்டிருப்பது சரியில்லை.

தொப்பைக்குக் காரணம் தேடி வாங்கினால் பெரும்பாலும் வீண் செலவுதான். வயிற்றின் உள்கொழுப்பில் கார்ட்டிசால் ஏற்பிகள் (ஹார்மோன் வந்து ஒட்டும் இடங்கள்) அதிகம். செயலற்ற கார்ட்டிசோனை அங்கேயே கார்ட்டிசாலாக மாற்றும் நொதியும் உண்டு. உமிழ்நீர் அளவு சரியாக இருந்தாலும் கொழுப்புக்குள் நடப்பது இதில் தெரியாது. இரவு அளவு திரும்பத் திரும்ப உயர்ந்தால், குஷிங் நோய்க்குறியா (உடலில் கார்ட்டிசால் மிகையாகும் நோய்) என்று ஹார்மோன் மருத்துவரிடம் பார்க்க வேண்டும். மற்றவர்களுக்கு இஞ்ச் டேப் போதும்: கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்டபின் வயிற்றுச் சுற்றளவை அளக்கலாம்.