உலக மகிழ்ச்சி அறிக்கை: இலங்கை மலையகத்திலிருந்து ஒரு மதிப்புரை

2012 முதல் வருகிறது, இணையத்தில் இலவசம். 0 முதல் 10 வரையான ஏணியில் உங்கள் வாழ்க்கை எந்தப் படியில் என்ற ஒரே கேள்விதான் அடித்தளம். மூன்றாண்டுச் சராசரியை வைத்து நாடுகளை வரிசைப்படுத்துகிறார்கள். பின்லாந்து முதலிடம் என்பதைவிட, 2024 பதிப்பின் வயதுவாரிப் பகுதியைக் கட்டாயம் வாசியுங்கள்: அமெரிக்காவில் 30 வயதுக்குட்பட்டோர் முதியவர்களைவிடக் கீழ்ப்படியில் நிற்கிறார்கள்.

குறையும் பெரியது. நாட்டுக்கு ஆண்டுக்குச் சுமார் 1,000 பேரிடம்தான் கேட்கிறார்கள்; ஹட்டன் தேயிலைத் தோட்ட லயங்களை (தொழிலாளர் வரிசை வீடுகளை) தனியே பிரித்துப் பார்க்க வழியில்லை. கொழுந்து பறித்த அம்மாயி தன் தாயின் காலத்தோடு ஒப்பிட்டு 6 சொல்லலாம். கொழும்புக் கடையில் நிற்கும் பேரன் முதலாளியின் வீட்டோடு ஒப்பிட்டு 4 சொல்லலாம். தோட்டத்தில் இதைக் கேட்பவர்கள் "யாரோடு ஒப்பிட்டீங்க?" என்றும் கேளுங்கள். காம்பராவுக்குள் (லயத்து அறைக்குள்) வேண்டாம், பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்கும் இடத்தில் மனம்விட்டுப் பேச மாட்டார்கள்.